நாற்பது பக்கம் சொன்னது

"ஒரு நாளைக்கு எம்புட்டுப் பாக்குற?"

அருண்பாண்டி கேட்டதும் பவதாரிணி எழுந்து நின்றாள்.

"நாப்பது, அம்பது வரும்ண்ணே."

"மத்தவங்க ஐநூறு பாக்குறாங்கம்மா!"

மாட்டுத்தாவணி பக்கம் ஒரு மாடியில் அவனுடைய சின்ன கம்பெனி. அவர்கள் செய்த புரோகிராம் ராப்பகலாக இன்டர்நெட்டில் தமிழைப் படித்து, தானாகவே விஷயம் கற்றுக்கொள்ளும். கற்றது சரியா தப்பா என்று பார்த்துத் திருத்த நாலு பேர். அதில் பவதாரிணிதான் ஆமை.

"பாம்புக்கடிய மட்டும் மூணு நாளாப் பாத்துக்கிட்டு இருக்கியே, ஏன்?"

"கடிவாய்க்கு மேல இறுக்கிக் கட்டணும்னு கத்துக்கிட்டிருக்குண்ணே. தப்பு அது."

"நாப்பது வெப்சைட்ல அப்படித்தானம்மா போட்டிருக்கு?"

"ஒருத்தர் எழுதுனத நாப்பது பேரு காப்பி அடிச்சிருக்காங்க. எத்தனை பேர் சொல்றாங்கன்னு எண்ணாத, யார் சொல்றாங்கன்னு பாருன்னு பழக்கிக்கிட்டிருக்கேன்."

"வெள்ளிக்கிழமை டெமோ. அன்னைக்கு சொதப்புச்சுன்னா நீ வேற வேலை தேடிக்க."

வெள்ளிக்கிழமை. கிராமத்து நர்சுகளுக்கு இந்த புரோகிராம் உதவுமா என்று பார்க்க டாக்டர் லலிதாம்பாள் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக முதல் கேள்வியே அதுதான்.

"பாம்பு கடிச்சா என்ன செய்யணும்?"

அருண்பாண்டி கேள்வியை அப்படியே தட்டினான்.

திரையில் பதில் ஓடியது.

'கட்டாதீர்கள். கீறாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இறுக்கிக் கட்டச் சொல்லி இன்று காலையிலும் ஒரு பக்கம் படித்தேன். எழுதியவர் மருத்துவர் இல்லை. ஏற்கவில்லை.'

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இதுக்கு முந்தி அஞ்சு கம்பெனி பாத்தேன் தம்பி. அஞ்சும் இறுக்கிக் கட்டுன்னுச்சு! இன்னைக்குக் காலைல படிச்சத இன்னைக்கே தப்புன்னு தள்ளிருச்சா? திங்கக்கிழமையே ஆரம்பிச்சிருங்க. முந்நூறு ஊருக்கு!"

அறையே கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். கொடுத்த கையை டாக்டர் விடுவதற்குள் அருண்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரை வழியனுப்பிவிட்டு நேரே பவதாரிணியிடம் வந்தான்.

"மன்னிச்சிரும்மா. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். ஆமா, நாங்க எல்லாரும் நம்புனத நீ மட்டும் எப்படி நம்பாம இருந்த?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் நம்புனேண்ணே. எங்கப்பாவுக்கு ஒரு கால் இல்ல. போனைப் பாத்து இறுக்கிக் கட்டுனது நாந்தான்."