துருவுக்குக் கீழே

“ஏன் நிறுத்திட்டே? தேய்,” என்றது புகைக்குழாய்.

கம்பி பிரஷ் அசையவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் இன்ஜினிலிருந்து கழற்றிப் போட்டிருந்த அந்தக் குழாயின் வளைவில்தான் துரு மிகவும் தடித்துக் கிடந்தது.

“பயமா இருக்கு அண்ணே. உள்ளே இரும்பு மிச்சம் இருக்கான்னே தெரியல. ஓட்டை விழுந்தா உங்களைப் பழைய இரும்புக் கடையிலதான் போடுவாங்க.”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்றது சூடு தாங்கும் பெயின்ட் டப்பா. “துரு மேலேயே பூசிடறேன். புது மாப்பிள்ளை மாதிரி இருப்பீங்க.”

“போன தடவை வந்த டப்பாவும் இதையேதான் சொல்லிச்சு. முதல் மலை ஏத்தத்துல சூடானதும் பெயின்ட் அத்தனையும் உரிஞ்சு கொட்டிடுச்சு. வீடு திரும்பும்போது நான் மாப்பிள்ளை இல்ல, சொறி நாய்.”

“ஓட்டை இருந்தா?” என்று பிரஷ் மறுபடி கேட்டது.

“இருந்தா தெரியட்டும். மூடி வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை வண்டியில ஏற மாட்டேன். தேய்டா.”

பிரஷ் அழுத்தித் தேய்த்தது. துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பிரஷின் கம்பிகள் வளைந்தன, சில ஒடிந்தன. கடைசியில் இரும்பு தெரிந்தது. குழி குழியாக, மெலிந்துபோய் இருந்தது. ஆனால் ஓட்டை இல்லை.

“இரும்பு இருக்குடோய்!” என்று முதலில் கத்தியது டப்பாதான். “இப்ப வரலாமா?”

“வா,” என்றது குழாய்.

டப்பா மூடியைத் திறந்தது. அது பூச வருவதற்குள் பிரஷ், ஒரு குழியில் சிக்கியிருந்த தன் ஒடிந்த கம்பியை மெல்ல நெம்பி எடுத்துக் கீழே போட்டது.