அப்டேட்டுக்குப் பத்தாது

"மறுபடியும் போச்சு!"

மருமகள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கம்ப்யூட்டரில் பாதி தாண்டி இறங்கிக்கொண்டிருந்த அப்டேட் அப்படியே நின்றுவிட்டது. இணையம் இல்லை என்றது திரை.

விடுவிடுவென்று ஹாலுக்கு வந்தாள். வைஃபை பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சுவரில் அதன் ஸ்விட்ச் அணைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் மாமனார். தண்ணீர் வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளாக அந்த நாற்காலிதான் அவருக்கு ஆபீஸ். செய்தித்தாளுக்குள் தலையை விட்டிருந்தார்.

"மாமா, இதை யார் அணைச்சது?"

"நான்தான். ஏம்மா, இப்ப வேணுமா?"

வேணுமாவாம்! வாயைத் திறந்தால் வார்த்தை தடித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அப்டேட் முதலிலிருந்து கிளம்பியது. நடுவில் அறுந்தால் விட்ட இடத்தில் தொடர அந்த அப்டேட் புண்ணியவானுக்குத் தெரியாது.

அலுவலகத்திலிருந்த கணவனைப் போனில் பிடித்தாள்.

"உங்க அப்பா வைஃபையை அணைக்கிறாருங்க. காலையிலேர்ந்து இதே வேலை."

"கரண்ட் போயிருக்கும்."

"ஃபேன் சுத்துது! வைஃபைக்கு மட்டும் தனியா கரண்ட் போகுமா?"

"தெரியாம கை பட்டிருக்கும். விடேன்."

"தெரியாமலா? அவரே 'நான்தான்'ங்கிறாரு. நான் டைப் அடிக்கிறப்போ அணைக்கிறதில்லை. அப்டேட்டைப் போட்டுட்டு உட்கார்ந்தா, சொல்லிவச்ச மாதிரி போய் அணைக்கிறாரு. நான் சம்பாதிக்கிறது அவருக்குப் பிடிக்கலை. முந்தாநாள் கேட்டாரே, கண்ணைக் கெடுத்துக்கிட்டு இந்த வேலை அவசியமாம்மான்னு!"

டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ இடத்தில் கேட்டு, கேட்டு, இப்போதுதான் கிடைத்தது. கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. சாயங்காலத்துக்குள் இந்தப் புதிய சிஸ்டம் அப்டேட்டை ஏற்றாத கம்ப்யூட்டர் கம்பெனித் தளத்துக்குள் நுழைய முடியாது. வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வீட்டு இணையமோ மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுப்பது. மாதக் கடைசி வேறு. இந்த அப்டேட் திரும்பத் திரும்ப இறங்கினால், இருக்கிற டேட்டா யானைப் பசிக்குச் சோளப்பொரி.

"இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் தாங்கும். இதுவும் அறுந்துச்சுன்னா என் வேலை அவ்வளவுதான்."

"நான் வேணும்னா அப்பாகிட்ட பேசட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கையும் களவுமா நானே பிடிக்கிறேன்."

அறைக் கதவை ஒருக்களித்து வைத்தாள். ஒரு கண் திரையில், ஒரு கண் ஹாலில். உட்கார்ந்தால் கால் தரையில் நிற்கவில்லை. எழுந்து நின்றால் கை நகத்தைத் தேடியது. திரையில் எண் ஏறுவேனா என்று கிடந்தது. பாதி. முக்கால். தொண்ணூறு.

ஹாலில் செய்தித்தாள் மடிபடும் சத்தம்.

மாமனார் எழுந்தார். அவள் அறைப் பக்கம் காதைத் திருப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செருப்புச் சத்தம்கூட இல்லாமல், பாலுக்கு வரும் பூனை மாதிரி நடந்து ஸ்விட்சில் கை வைத்தார்.

"தொடாதீங்க மாமா!"

மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நான் வேலை பார்க்கிறது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க! இப்படிக் கூடவே இருந்து குழி பறிக்காதீங்க!"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரம், பயம் எல்லாம் சேர்ந்த அழுகை.

"குழியா? நானா?" அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீ நல்லா வரணும்னுதானேம்மா..."

"அப்புறம் ஏன் அணைக்கிறீங்க?"

"நேத்து நீதானே சொல்லிக்கிட்டிருந்தே? டேட்டா கொஞ்சம்தான் மிச்சம், அப்டேட்டுக்குப் பத்தாதோ என்னவோன்னு."

"ஆமா. அதுக்கு?"

"நான் சர்வீஸ் முழுக்க வால்வு ஆபரேட்டரும்மா. மேட்டுத் தெருவுக்கு எப்பவுமே தண்ணி பத்தாது. அப்பப்ப வால்வை மூடி, டேங்க்ல சேர்த்துவச்சு, அப்புறம் மொத்தமாத் திறந்து விடுவேன். கடைசி வீடு வரைக்கும் ஏறும்." ஸ்விட்சைக் காட்டினார். "நீ டைப் அடிக்கிற சத்தம் கேட்கிற வரைக்கும் இதைத் தொடமாட்டேன். சத்தம் நின்னா, யாரும் பிடிக்காம வீணா ஓடுதேன்னு மூடிடுவேன். உனக்குத்தாம்மா சேர்த்து வச்சேன்."

அப்டேட் இறங்கும்போது டைப் அடிக்க எங்கே வேலை? கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

உள்ளே கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. எட்டிப் பார்த்தாள். முழுசாக இறங்கியிருந்தது.

"என்னம்மா சத்தம்? பத்தலையா?" மாமனார் பின்னாலேயே ஓடிவந்தார்.

"பத்திடுச்சு மாமா. முடிஞ்சிடுச்சு."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "பார்த்தியா! நான் மூடி மூடிச் சேர்த்து வச்சதாலதானே பத்துச்சு?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமா மாமா. நீங்க மட்டும் சேர்த்து வைக்கலைன்னா இன்னிக்கு என் வேலையே போயிருக்கும்."