ஈரக்கால்

வாத்துகளின் மீன்பிடி கம்பெனிக்குச் சேவல்தான் மேனேஜர். அதற்கு நீச்சல் தெரியாது. அதனால் யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. கரை ஒதுங்கும் மீனைப் பொறுக்கினால் போதும் என்பது விதி. தினமும் காலையில் கால் பரிசோதனை நடக்கும்.

பசி தாங்காத குட்டையன் வாத்து ஒருநாள் இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற நெட்டையன் வாத்து உடனே போட்டுக்கொடுத்தது.

"சார், இவன் கால் ஈரம்."

"வேலை போச்சு, கிளம்பு" என்றது சேவல்.

குட்டையன் கெஞ்சியது. "எங்க சார் போவேன்?"

"ஏரியில போய் விழு."

விழுந்தது. மூன்றாவது முங்கலில் வாய் நிறையக் கெண்டை.

மறுநாள் கரைக்கு வந்து, நெட்டையன் முன்னால் ஒரு மீனை வைத்தது.

"எல்லாம் உங்க புண்ணியம்ண்ணே. சாப்பிடுங்க."

நெட்டையன் மீனை விழுங்கிவிட்டுத் தன் காய்ந்த கால்களைப் பார்த்தது.

"தம்பி, என்னை யாராவது போட்டுக்கொடுப்பாங்களா?"