மணி ஏன் அடிக்கவில்லை?

"எட்டுன்னு இருக்கவேண்டிய இடத்துல பதினெட்டுன்னு மாத்தினது யாரு?"

டாக்டரம்மா மேஜையில் அடித்த அடியில் ஃபைல்கள் எகிறின. எதிரே நர்ஸும் ஆம்புலன்ஸ் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் விடியற்காலையில் நின்றுபோயிருந்தது. எட்டு டிகிரியைத் தாண்டினாலே வாட்ச்மேன் அறையில் மணி அடித்திருக்கவேண்டும். பதினைந்து வரை ஏறியும் அடிக்கவில்லை. முந்நூறு குழந்தைகளுக்கான மருந்து பாழ்.

அந்த மணிக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதியவர் இந்த டிரைவர்தான். வண்டி கிளம்பாத நேரங்களில் தானாகவே கற்றுக்கொண்டது. வரிக்கு வரி, எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் புரிகிற மாதிரி மேலே ஒரு குறிப்பும் எழுதிவைப்பார்.

டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, ஒரு குறிப்பைப் படித்தார். "'மணி அடிக்கிற சூட்டை மாத்த இந்த எண்ணை மட்டும் மாத்துங்க, பயப்படாதீங்க.' இப்படிக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா எவன்தான் மாத்தமாட்டான்?"



அந்தக் குறிப்பைப் படித்துத்தான் நர்ஸ் எண்ணை மாற்றியிருந்தாள். நேற்று ஊசி போடும்போது ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கத் திறக்க ஊசி போடும் அறையிலும் மணி அலறியது, குழந்தைகள் வீறிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்று பதினெட்டு ஆக்கியவள், வேலை முடிந்த களைப்பில் அடியோடு மறந்துபோனாள்.

இன்று காலையில் விஷயம் தெரிந்து அவள் பதறி ஓடிவந்தபோது, டிரைவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"நேத்து நீங்கதானே டியூட்டி, சிஸ்டர்?"

"ஆமாண்ணே."

அவ்வளவுதான். திரும்பித் தட்டத் தொடங்கிவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து இவளுக்கு ஒரே நினைப்புதான். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிவைக்கிற மனுஷன். இதையும் எழுதி, போட்டுக்கொடுத்திருப்பார்.

"இன்னைக்குத் தேதியில ஒரு குறிப்பு இருக்கே!" டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

போச்சு. நர்ஸ் நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்தாள்.

டாக்டரம்மா உரக்கப் படித்தார்: "'யாரு மாத்தினாங்கன்னு தேடவேண்டாம். கதவைத் திறந்தாலே மணி கத்தும்னு யோசிக்காதது நான். மாத்தின எண் தானா பழையபடி ஆக வழி வைக்காததும் நான். வேலை மும்முரத்துல மனுஷங்க மறக்கத்தான் செய்வாங்க. புரோகிராம்தான் ஞாபகம் வெச்சுக்கணும். இப்ப சரிபண்ணிட்டேன்.'"

டாக்டரம்மா டிரைவரை முறைத்தார்.

"பெரிய தர்மப் பிரபு! அப்போ அறிக்கையில உங்க பேரையே எழுதிடறேன். வேலை போச்சுன்னு அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"எழுதிக்குங்க டாக்டர்."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். முதல் எழுத்து தாளில் விழுவதற்குள் நர்ஸ் எழுந்துவிட்டாள்.

"எழுதாதீங்க டாக்டர். மாத்தினது நான்!"