நூறு எண்ணும்வரை

குழாய் முதலில் இருமியது. பிறகு காற்றைத் துப்பியது.

பிறகு தண்ணீர் வந்தது.

அவள் செம்பை நேராகக் குழாயடியில் நீட்டினாள். வாளி வைக்கவில்லை. காத்திருக்கவில்லை.

ஒன்பது மாதத்தில் இதுதான் முதல் முறை.

புதுக் குழாய். சுவருக்குள் புதுப் பைப். நேற்று வந்த இரண்டு தாள்களும் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று, தண்ணீரில் காரீயம் இல்லை என்கிறது. இன்னொன்று, மகள் அல்லியின் ரத்தத்தில் பதினாறாக இருந்த அந்த விஷம் மூன்றாகிவிட்டது என்கிறது. இரண்டு தாள்களுக்கும் அவள் குங்குமம் வைத்துவிட்டாள். சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

பழைய குழாய் பித்தளை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு முதலில் பிடித்தது அதுதான். கணவனை அப்புறம்தான் பிடித்தது.

இந்த ஊரில் ஒன்று விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். விருந்தாளி வருமுன் வீட்டைப் பெருக்குவதுபோல, முந்தின நாள் சாயங்காலமே குழாயைத் தயார் செய்வாள். புளியைக் கரைத்துத் தேய்ப்பாள். அதன் வாய்க்குள்ளும் விரல் விட்டு அப்பி வைப்பாள். காலையில் மேலாகத் துடைத்தால் போதும், தகதகவென்று இருக்கும். ஒரு பொட்டு. முதல் செம்புத் தண்ணீர் சாமிக்கு.

இரண்டாவது செம்பு அல்லிக்கு.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து ஒரு பெண் சின்னச் சின்ன பாட்டில்களோடு வந்து தெருத் தண்ணீரையெல்லாம் பிடித்துப் போனாள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். இவள் சிரித்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாராட்டுவாள் என்றுதான் நினைத்தாள்.

“அக்கா, இந்தத் தெருவுலயே உங்க குழாயிலதான் காரீயம் ஜாஸ்தி. புளி பித்தளைய அரிச்சு, அதுல கலந்திருக்கிற காரீயத்தத் தண்ணியில விட்டிருக்கு.”

தெருவிலேயே சுத்தமான குழாய்.

அன்றைக்கே அதைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டினார்கள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அல்லியின் ரத்தத்தில் இருப்பது குறைந்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் பிள்ளைக்குப் படிப்பு மந்தமாக வரலாம், இப்போதே சொல்ல முடியாது, பார்ப்போம் என்றார்.

அந்தப் ‘பார்ப்போம்’ அவளைத் தூங்கவிடவில்லை. அல்லிக்கு நான்கு வயது. அங்கன்வாடியில் வாயே திறப்பதில்லை. டீச்சர் கேட்டால் தரையைப் பார்ப்பாள். புளியைக் கரைத்த தன் கையைப் பார்க்கவே அம்மாவுக்குப் பிடிக்காமல் போனது.

சுவருக்குள் ஓடிய பழைய பைப்பிலும் பித்தளை இணைப்புகள் இருந்தன. வீட்டுக்காரர் சம்மதித்து, சுவரை உடைத்து அதை மாற்ற ஒன்பது மாதம் ஆயிற்று. அதுவரை, பைப்பில் தேங்கிய தண்ணீரை நூறு எண்ணும்வரை தனியாக விடச் சொல்லியிருந்தாள் கல்லூரிப் பெண். அந்தத் தண்ணீர் வாளிக்குப் போகும். வாளி வாசலுக்குப் போகும். நூறானதும் குடிக்கிற தண்ணீருக்குக் குடம் வைப்பாள். நூற்றுக்கு மேல் ஒரு எண்கூட எண்ணியதில்லை. அவ்வளவு தாராளமாக விட இங்கே யாரிடம் தண்ணீர் இருக்கிறது?

அவள் சத்தமாக எண்ணுவாள். அல்லி வாளியருகே குத்த வைத்து உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைப்பாள்.

இன்று அது வேண்டாம்.

செம்பு பாதி நிறைந்தது.

தூக்கக் கலக்கத்தோடு அல்லி வந்தாள். செம்பைப் பார்த்தாள். முகம் மாறியது. இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு, வாளியை இழுத்துக் குழாயடியில் வைத்தாள்.

“இன்னும் எண்ணவே இல்லியேம்மா.”

இனிமேல் எண்ண வேண்டாம் கண்ணு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

“ஒண்ணு,” என்றாள் அல்லி.

சத்தமாக.

“ரெண்டு. மூணு.”

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்து தாண்டியது. இருபது தாண்டியது. உதவிக்குக்கூட அம்மாவைப் பார்க்கவில்லை அல்லி. தண்ணீரை மட்டும் பார்த்தாள். அது தப்பித்து ஓடிவிடும் என்பது போலக் காவல் காத்தாள்.

“முப்பத்தொம்பது.”

எண்ணிக்கை நின்றது.

சொல்லிக் கொடுக்கலாமா? கூடாது. அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அல்லி கொட்டாவி விட்டாள்.

“நாப்பது.”

அட கழுதை.

வாளி நிறைந்து வழிந்தது. தண்ணீர் இரண்டு பேர் காலையும் நனைத்துக்கொண்டு தெருவுக்குப் போனது. எதிர் வீட்டுச் செல்லக்கனி அக்கா எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, தண்ணி வழிஞ்சு ஓடுது, அங்க என்ன பராக்கு?”

இனி ஒரு வாரத்துக்குத் தெருவில் இதுதான் பேச்சு. பேசட்டும். அவள் குழாயை மூடவில்லை.

எழுபது. எண்பது. சந்தோஷத்தில் செம்பைச் சாய்த்துப் பிடித்திருப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. செம்பில் இருந்த பாதித் தண்ணீரும் சிந்தியது.

“தொண்ணுத்தொம்பது. நூறு.”

அல்லி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். குடத்துக்காகக் காத்திருந்தாள்.

குடம் அடுப்படியில் இருந்தது. எடுத்து வர அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணெல்லாம் தண்ணீராக, சிரித்துக்கொண்டே நின்றாள்.

குடம் வரவில்லை.

அல்லி குழாயைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“நூத்தி ஒண்ணு,” என்றாள்.

அம்மா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லக்கனி அக்கா மறுபடியும் சத்தம் போட்டாள்.

“நூத்தி ரெண்டு.”