அதிர்கிற ஸ்டாண்டு

"கண்ணை மூடிக்கிட்டு இந்த ஸ்டாண்டை எடுங்க சார். பெரிய டிவி, ஹோம் தியேட்டர் எல்லாத்தையும் தாங்கும். எவ்வளவு சத்தம் வச்சாலும் துளிகூட அதிராது" என்றார் விற்பனையாளர்.

"அதிரணுமே!" என்றான், மனைவியோடு வந்திருந்த புது மாப்பிள்ளை.

விற்பனையாளர் திருதிருவென விழித்தார். "அப்படீன்னா, யாரும் சீந்தாத அந்த மர ஸ்டாண்டுதான் இருக்கு. ஸ்பீக்கரை வச்சா கிடுகிடுன்னு ஆடும்."

"அதுலயே பாட்டுப் போடுங்க."

பாட்டு தொடங்கியது. மனைவி ஸ்டாண்டின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, தாளம் தப்பாமல் தலையாட்டினாள். பிறகு கணவனைப் பார்த்து விரல்களால் ஏதோ பேசினாள்.

"என்ன சார் சொல்றாங்க?"

"இன்னும் சத்தமா வைக்கணுமாம். பிறந்ததுலேருந்தே இவளுக்குக் காது கேக்காது. கையாலதான் பாட்டுக் கேப்பா."

விற்பனையாளர் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினார். கடையே திரும்பிப் பார்த்தது. அவர் கண்களை மூடி, தானும் ஸ்டாண்டின்மேல் கை வைத்தார்.