ஊசி இல்லாத கை

“வாயைத் திற.”

நிமி வாயைத் திறந்தாள். நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

மாத்திரை உள்ளே போய்விட்டது என்று உறுதியான பிறகுதான் ஷீனா தண்ணீர்க் குவளையை வாங்கிக்கொண்டாள்.

“செக்போஸ்டுகாரன் தோத்தான் போ, யக்கா,” என்றாள் நிமி. சிரிக்கப் பார்த்தாள். வீங்கியிருந்த முகத்தில் அது சிரிப்பாக வரவில்லை.

கட்டிலின் மறுபக்கம் அவர்களுடைய அம்மா செபமாலையம்மாள் உதடு மட்டும் அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை முந்தியில் நிமியின் கண்ணாடி வளையல்கள் முடிந்திருந்தன. ஒரு கையில் ஊசி குத்தவும், மறு கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றவும் நர்ஸ் கழற்றிக் கொடுத்தவை.

“எதுக்குட்டி அவளுக்கு இத்தனை காவல்? முழுங்காம ஏமாத்துனவளுக்குத்தான் எல்லாரையும் அப்படித் தோணும்,” என்றாள் அம்மா.

ஷீனா குவளையைக் கவிழ்த்து வைத்தாள். தான் ஏமாற்றவில்லை என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

நிமியைப் போலவே அவளுக்கும் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில்தான் பிரஷர் ஏறியது. குழந்தை தங்கவில்லை. கொடுத்த மாத்திரையைத் தேயிலைச் செடிக்குள் துப்பிவிட்டாள் என்று எஸ்டேட் குடியிருப்பான லயம் முழுக்கப் பேசியது. அம்மாவும் பேசினாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு நிமியின் வளைகாப்பில் ஷீனா அடுப்படியில் இருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் கர்ப்பிணிக்கு வளையல் போட்டுவிடுவதில்லை என்பது அவர்கள் லயத்து வழக்கம். அன்று அம்மாவும் போட்டுவிடவில்லை. வந்தவர்களைக் கவனிப்பதிலேயே அவளுக்குப் பொழுது போய்விட்டது.

டாக்டரம்மா வந்து பட்டையைச் சுற்றினார். பிரஷர் கருவியின் முள்ளைப் பார்த்தார். மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

மூணாறுக்கு மேலேயுள்ள எஸ்டேட்டிலிருந்து நிமியை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவந்ததிலிருந்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். பிரஷர் இறங்கவில்லை. இன்றும் இறங்காவிட்டால் பிஞ்சுக் குழந்தையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் வலிப்பு வந்துவிட்டால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதமில்லை.

“மருந்து கரெக்டாத்தான் போகுது. பின்னே எதுக்கு இறங்கலை?” டாக்டரம்மாவின் தமிழில் மலையாளம் கலந்திருந்தது. “இவங்க வீட்டில வேறே யாருக்காவது இதுபோலே வந்திட்டுண்டா?”

சிலருடைய உடம்பு இந்த மருந்தை, அது வேலை செய்யும் முன்பே கரைத்துவிடுமாம். அந்தக் குணம் பெற்றவர்கள் வழியாக வருவதாம். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; சோதித்துப் பார்க்கவும் நேரமில்லை. ஆனால் வீட்டில் இன்னொருவருக்கும் இப்படி நடந்திருந்தால், இதையே பிடித்துக்கொண்டிராமல் மருந்தை மாற்றிப் பார்க்கலாம்.

“எனக்கு வந்துச்சு,” என்றாள் ஷீனா. “இதே மாத்திரைதான்.”

“ஒழுங்கா முழுங்கினீங்களா?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஷீனா அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் உதடு நின்றுவிட்டது. முந்தி முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே வளையல்கள் உரசும் சத்தம் கேட்டது.

“அவ முழுங்கியிருப்பா, டாக்டரம்மா.”

பிறகு மெல்லச் சொன்னாள்.

“ஷீனாவுக்கு முந்தி எனக்கு ஒரு பையன் இருந்தான். இதே மாதிரிதான், காலும் மூஞ்சியும் வீங்கிப்போச்சு. குடுத்த மாத்திரையை ஒண்ணு விடாம முழுங்கியும் பிள்ளை தங்கலை. நான் துப்பிட்டேன்னுதான் என் மாமியா சாகுற வரைக்கும் சொன்னா.”

ஷீனாவும் நிமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஓர் அண்ணன் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

டாக்டரம்மா நின்ற இடத்திலிருந்தே நர்ஸைக் கூப்பிட்டு வேறு மருந்தின் பெயரைச் சொன்னார்.

வெயில் தாழ்ந்து ஜன்னலில் மஞ்சளாக விழுந்தபோது நர்ஸ் மறுபடியும் பட்டையைச் சுற்றினாள்.

“இறங்குது,” என்றாள். நிமியின் கன்னத்தை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தாள். வளையல்களை ஷீனாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“ஊசி இல்லாத கையில போட்டு விடு.”

நிமி விரல்களைக் குவித்துக் கையை நீட்டினாள். ஒவ்வொரு வளையலாக உடையாமல் ஏறியது.

கடைசி வளையலை ஷீனா எடுத்தபோது அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அது இருக்கட்டும்,” என்றாள். “அதை அவளுக்கு நான் போட்டு விடுறேன்.”